மலேரியாவுக்குக் கொடுத்த விலை

ஆவுடையார்கோவில் பக்கம் கல்யாணப் பேச்சு எடுத்தால், வெளியில் தேடுவதற்கு முன் அக்கா மகள், மாமன் மகள், அத்தை மகன் என்று வீட்டுக்குள்தான் பார்ப்பார்கள். நானும் அத்தை மகனைக் கட்டியவள்தான், அதனால் அந்த வழக்கத்தைத் திட்டி எழுத வரவில்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் லேப் டெக்னீஷியனாக வேலை பார்த்த காலமெல்லாம் என் மனதை அரித்துக்கொண்டிருந்த ஒரு சங்கதி உண்டு. அதை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும்.

ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் முன்பு ஒரு கர்ப்பிணிப் பெண் வந்தாள். மாதக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஒன்பதைத் தாண்டவில்லை. மாத்திரையை முழுங்காமல் கொல்லையில் வீசுகிறாள் என்று வீட்டில் ஏச்சு. அறிக்கையைப் பார்த்தேன். சிவப்பணுக்களின் எண்ணிக்கை குறையவில்லை, கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. ஆனால் ஒவ்வொரு அணுவும் இருக்கவேண்டிய அளவைவிட மிகச் சிறியது. சாதாரண இரும்புச்சத்துக் குறைவில் எண்ணிக்கையும் சேர்ந்து குறையும். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுத்து, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. பரிசோதனைக்கு அனுப்பினோம். ஹீமோகுளோபின் ஏ2 ஐந்து சதவீதத்துக்கு மேல் இருந்தது. மூன்றரைக்குள் இருந்திருக்க வேண்டும். அவள் பீட்டா தலசீமியா கேரியர். மாத்திரையை அவள் ஒழுங்காகத்தான் சாப்பிட்டிருக்கிறாள்.

கூட வந்த அப்பத்தா கலங்கிப்போனார். "எங்க வம்சத்துல இப்படி ஒரு சீக்கு கெடையாதே ஆத்தா."

"இது சீக்கு இல்லத்தா. ஒங்க வம்சத்த மலேரியாக்கிட்டருந்து காப்பாத்துன சமாச்சாரம் இது" என்றேன். ஆறுதலுக்காகச் சொன்ன வார்த்தையல்ல அது.

ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியைச் செய்வதற்கான மரபணு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று ஜோடியாக வருகிறது. இந்த ஜோடியில் ஒன்று மட்டும் பழுதாக இருந்தால் அவர்தான் கேரியர், அவருக்குப் பெரிய தொந்தரவு இல்லை. மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள் புகுந்து வளர்வது. மரபணு ஒன்று பழுதாக இருந்தால் மலேரியா முற்றுவதற்குத் தடை விழுகிறது. இரண்டும் பழுதாகிவிட்டால் பிள்ளைக்குத் தலசீமியா மேஜர் என்ற கடுமையான நோய். மலேரியா ஆட்டிவைத்த காலத்தில் என்ன நடந்திருக்கும்? பழுதே இல்லாத பிள்ளைகளில் பலரைக் காய்ச்சல் கொண்டுபோனது. இரண்டும் பழுதான பிள்ளைகளை நோய் கொண்டுபோனது. ஒன்று மட்டும் பழுதான பிள்ளைகள் பிழைத்து வளர்ந்து பிள்ளை பெற்றார்கள். அந்த மரபணு ஒழியாமல் தலைமுறை தலைமுறையாக வந்ததற்கு இதுதான் காரணம். தலசீமியா விஷயத்தில் இந்தக் கருத்தை 1949-ல் முன்வைத்தவர் மரபியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன். பிற்பாடு இந்தியாவுக்கே வந்து, 1964-ல் புவனேசுவரத்தில் இறந்தவர். சிவப்பணுவை அரிவாள்போல் வளைக்கும் அரிவாள் செல் மரபணுவும் அப்படித்தான் மலேரியாவைத் தடுக்கிறது என்று 1954-ல் கிழக்கு ஆப்பிரிக்க ஆய்வில் காட்டினார் ஆன்டனி அலிசன்.

அரிவாள் செல்லுக்கு நம் நாட்டில் முதலில் தடயம் கிடைத்ததே தமிழ்நாட்டில்தான். 1952-ல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடியினரின் ரத்தத்தில் அதைக் கண்டார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கூடலூர்ப் பக்கம் இருந்தேன். விரலில் குத்தி ஒரு துளி ரத்தத்தை ஸ்லைடில் வைப்போம். மேலே சோடியம் மெட்டாபைசல்பைட் கரைசல் ஒரு சொட்டு, அதன்மேல் மெல்லிய கண்ணாடி, காற்றுப் புகாதபடி ஓரம் முழுக்க வாசலின். அரைமணி கழித்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், வட்டமாக இருந்த அணுக்கள் வளைந்து, இரண்டு முனையும் கூராகி, கதிர் அறுக்கும் அரிவாளாக நிற்கும். பீட்டா சங்கிலியின் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் வந்து உட்கார்ந்ததால் ஆகிற காரியம் இவ்வளவும்.

அந்த ஸ்லைடில் ஒரு சிக்கல் இருக்கிறது. கேரியரின் ரத்தமும் அதில் வளையும், நோயாளியின் ரத்தமும் வளையும். எது எது என்று எலக்ட்ரோபோரெசிஸோ எச்.பி.எல்.சி.யோ செய்தால்தான் பிரிக்க முடியும். ஸ்லைடை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வாலிபனை நோயாளி என்று ஒதுக்கினால் அது பெரும் அநியாயம். 2023 ஜூலை 1-ல் மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கிய தேசிய அரிவாள் செல் இயக்கம் ஏழு கோடிப் பேரைச் சோதிக்க இலக்கு வைத்தது. 'நீ கேரியர், நோயாளி இல்லை' என்று ஒவ்வொருவருக்கும் அவர் மொழியில் விளக்க ஆள் இருந்தால்தான் அதனால் நன்மை.

மலேரியாவோடு இதேபோன்ற பேரம் பேசிய இன்னொரு மரபணு, ஜி6பிடி என்ற நொதியைச் செய்வது. இது எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் குறைபாடு ஆண்களிடம்தான் அதிகம் தெரியும். இந்தக் குறைபாடு உள்ளவர்களுக்கு வைவாக்ஸ் மலேரியாவுக்குக் கொடுக்கிற பிரைமாகுயின் மாத்திரையே சிவப்பணுக்களை உடைத்துவிடும். அதனால்தான் மாத்திரை கொடுத்த பிறகு சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறதா என்று கேட்கிறோம். போனால் மாத்திரையை உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும்.

சுதந்திரம் வாங்கிய சமயத்தில் இந்தியாவில் ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா வந்தது, எட்டு லட்சம் பேர் இறந்தார்கள் என்பது அரசுக் கணக்கு. இன்றைக்கு எங்கள் ஊரில் குளிர்காய்ச்சல் என்றால் பிள்ளைகளுக்கு டெங்குதான் ஞாபகம் வரும். எதிரி ஒதுங்கிவிட்டான், அவனுக்காகப் பிடித்த ஆயுதம் மட்டும் நம் ரத்தத்தில் கிடக்கிறது. இந்தியாவில் நூற்றுக்கு மூன்று நான்கு பேர் பீட்டா தலசீமியா கேரியர்.

சொந்தத்தில் கட்டுவது இந்த இடத்தில்தான் குறுக்கே வருகிறது. வெளியில் பெண் எடுத்தால் அவள் கேரியராக இருக்க நூற்றுக்கு மூன்று நான்கு வாய்ப்பு. தாய்மாமன் கேரியர் என்றால் அவனுடைய அக்காவுக்கு அது இருக்கப் பாதி வாய்ப்பு, அக்கா மகளுக்குக் கால் வாய்ப்பு. அதாவது நூற்றுக்கு இருபத்தைந்து. இருவரும் கேரியராக அமைந்துவிட்டால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு நோயுள்ள பிள்ளைக்கு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்றுக்கு வராது என்று நம்பி ஏமாந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கணக்கு புதிதாகத்தான் தொடங்கும். தலசீமியா மேஜர் உள்ள பிள்ளைக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றுகிற ரத்தத்தால் சேரும் இரும்பை வெளியேற்ற வேறு மருந்து வேண்டும்.

சம்பந்தம் பேசும்போதே இருவருக்கும் ஒருமுறை எச்.பி.எல்.சி. பார்த்துவிடுங்கள். ஆயுளுக்கும் ஒரு தடவை பார்த்தால் போதும். ஒருவர் மட்டும் கேரியர் என்றால் பிள்ளையும் கேரியராகலாம், நோய் வராது. கல்யாணத்தை நிறுத்த வேண்டியதே இல்லை. இருவரும் கேரியர் என்று தெரிந்தும் கட்டிக்கொண்டால், கர்ப்பத்தின் பத்து முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் நஞ்சுக்கொடியிலிருந்து துளி திசு எடுத்துச் சோதிக்கலாம். வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் செய்கிறார்கள். அதற்கு முன்னால் தாய் தகப்பன் இருவரின் மரபணுப் பழுது எதுவென்று கண்டுபிடித்திருக்க வேண்டும், அதற்கே வாரங்கள் ஆகும். வளைகாப்பு முடிந்து ஏழாம் மாதத்தில் வந்து கேட்டவர்களுக்கு, என்னால் குழாயில் ரத்தம் எடுத்துக் கொடுக்க மட்டும்தான் முடிந்தது.