பள்ளிக்கூடத்தில் சாமி பாடமா? அப்பாவின் கையெழுத்து எங்கே?

வேலூர்:

காலை ஏழு மணிக்கெல்லாம் ஆம்பூர் ரோட்டில் ஷூ கம்பெனி பஸ்கள் ஓட ஆரம்பித்துவிடும். சாப்பாட்டு டப்பாவும் கையுமாக ஓடிவந்து ஏறும் தாய்மார்களுக்கு, பிள்ளை பள்ளிக்கூடம் போனானா, சாப்பிட்டானா என்பதுதான் கவலை. அங்கே என்ன பாட்டு, என்ன பிரார்த்தனை என்று விசாரிக்க ஏது நேரம்?

ஆனால் விசாரிக்கத்தான் வேண்டும் போலிருக்கிறது!

2024-ம் ஆண்டு சென்னையில் நடந்த கூத்து ஊருக்கே தெரியும். அசோக் நகர் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் தன்னம்பிக்கையூட்டப் பேச வந்தார் மகாவிஷ்ணு என்பவர். பேச்சு எங்கே போயிற்று தெரியுமா? மறுபிறவி, முன்ஜென்ம பாவம்! உடல் குறையோடு பிறப்பதுகூட போன ஜென்மத்து வினையாம்.

பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்து, ‘பள்ளியில் இதைப் பேசலாமா?’ என்று தட்டிக்கேட்டார். அவரிடமே பேச்சாளர் மல்லுக்கு நின்றார். வீடியோ பரவியது. செப்டம்பர் 7-ந் தேதி ஆஸ்திரேலியாவில் இருந்து திரும்பிய பேச்சாளரை விமான நிலையத்திலேயே போலீசார் பிடித்தனர்.

சட்டம் என்ன சொல்கிறது?

இதற்கு வக்கீல் பீஸ் கொடுக்க வேண்டாம். அரசியல் சட்டம் 28-வது பிரிவு போதும். முழுக்க முழுக்க அரசாங்கப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மத போதனை கூடாது. ஒரே ஒரு விலக்குதான். மத பாடம் நடத்த வேண்டும் என்று யாரோ எழுதி வைத்த தர்ம சொத்தில் உண்டான பள்ளியை அரசு நிர்வகித்தால் மட்டும் நடத்தலாம்.

நம்ம பக்கத்து சங்கதி வேறு. ஆம்பூரில் மஜ்ஹருல் உலூம், கன்கார்டியா, இந்து என்று பள்ளிகளின் பெயரைச் சொன்னாலே விஷயம் விளங்கிவிடும். சிறுபான்மையினர் சொந்தமாகப் பள்ளி நடத்த 30-வது பிரிவு உரிமை தருகிறது. தனியார் நடத்தும் பள்ளியில் மத வகுப்பு வைப்பதும் குற்றமில்லை.

ஆனால் ஒரு கொக்கி இருக்கிறது. அரசு அங்கீகாரமோ, உதவிப் பணமோ பெற்ற பள்ளியில் எந்தப் பிள்ளையையும் மத வகுப்பிலோ வழிபாட்டிலோ கட்டாயமாக உட்கார வைக்க முடியாது. பெற்றோர் சம்மதம் வேண்டும். 18 வயது முடிந்தவர் என்றால் அவருடைய சம்மதமே போதும்.

நான் படித்ததும் உதவி பெறும் பள்ளி ஒன்றில்தான். வாரம் ஒரு பீரியட் சாமி பாடம். நல்ல கதைகள், இன்றும் நினைவில் இருக்கிறது. பரீட்சை கிடையாது என்பதால் பையன்களுக்குக் குஷிதான். ஆனால் என் அப்பாவிடம் சம்மதம் கேட்டார்களா? ஊஹூம். அவருக்கும் அப்படி ஒன்று இருப்பது தெரியாது. சீட் கிடைத்ததே பெரிசு என்று வீட்டுக்கு வந்து நம்ம சாமிக்கு தேங்காய் உடைத்தார்!

அப்படியென்றால் பள்ளியில் சாமி பெயரையே எடுக்கக் கூடாதா? அதுவும் இல்லை. மதங்களைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பது வேறு, மதத்தைப் போதிப்பது வேறு என்று சுப்ரீம் கோர்ட்டே 2002-ல் பிரித்துச் சொல்லிவிட்டது.

இந்த விவகாரத்தில் நம்ம வேலூர் ஊரிசு கல்லூரியில் படித்த ராதாகிருஷ்ணனைச் சொல்லாமல் இருக்க முடியாது. படித்ததெல்லாம் மிஷன் கல்லூரிகள். கிறிஸ்தவர்களின் விமர்சனம்தான் அவரை இந்து தத்துவத்தைத் தோண்டிப் பார்க்க வைத்தது. அவரே எழுதியிருக்கிறார். பின்னாளில், 1948-49 பல்கலைக்கழக கல்வி கமிஷனின் தலைவராக என்ன சிபாரிசு செய்தார்? தினமும் சில நிமிடம் மவுனம். முதல் வருஷம் புத்தர், இயேசு, முகமது நபி, ராமானுஜர், கபீர் என்று எல்லாருடைய வாழ்க்கையும். ஒரு மதத்துப் புஸ்தகத்தை மட்டும் திணிக்கச் சொல்லவில்லை.

மறுத்தால் பிள்ளையை வெளியே அனுப்பிவிடுவார்களோ என்று பயமா? கேரளாவில் 1985-ல் அப்படி ஒன்று நடந்தது. தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றார்கள், மத நம்பிக்கை காரணமாகப் பாடவில்லை என்று யெகோவா சாட்சிகள் வீட்டுப் பிள்ளைகள் மூவரை அனுப்பிவிட்டார்கள். 1986 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு, ‘மறுபடி சேர்த்துக்கொள்’ என்று உத்தரவு போட்டது. தேசிய கீதத்துக்கே அந்தத் தீர்ப்பு!

ஜூன் மாதம் சேர்க்கைப் பாரம் நீட்டுவார்கள். கையெழுத்தோ கைநாட்டோ, போடுவதற்கு முன்னால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பக்கத்து வீட்டு காலேஜ் பெண்ணையாவது கூப்பிட்டு படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.