உங்களுக்குத் தெரியுமா? பித்தளை உறையில் துப்பாக்கியின் முத்திரை

சுட்டுத் தீர்ந்த பித்தளைத் தோட்டா உறை எந்த வகைத் துப்பாக்கியிலிருந்து விழுந்தது என்பதைச் சில சமயம் வெறும் கண்ணாலேயே ஊகித்துவிடலாம். உறையின் நீளவாக்கில் கரிக்கோடுகள் வரிவரியாக ஓடினால், முதல் சந்தேகம் ஜெர்மனியின் ஜி3 குடும்பத்தின் மீதுதான்.

மேற்கு ஜெர்மன் ராணுவம் 1959-இல் ஏற்றுக்கொண்ட துப்பாக்கி இது. இதில் குழலுக்குள் அழுத்தம் முழுக்க அடங்கும் முன்பே உறை பின்னோக்கி நகரத் தொடங்கிவிடும். தோட்டா அமரும் அறையின் சுவரில் ஒட்டிக்கொண்டால் உறை கிழிந்துபோகும். அதனால் அந்த அறைக்குள் மெல்லிய பள்ளங்களை வெட்டி வைத்தார்கள். அவற்றில் புகும் வாயு உறையைச் சுவரிலிருந்து விடுவிக்கிறது. போகிற போக்கில் கோடும் போட்டுவிடுகிறது. பொதுமக்களுக்கு விற்கப்பட்ட அரைத் தானியங்கி எச்கே-91-இலும் இதே கதைதான்.

ஏஆர்-15 ரகத்தில் தடயம் வேறு. வெளியே பறக்கும் உறை பெரும்பாலும் துப்பாக்கியின் பக்கவாட்டு மேட்டில் மோதி நசுங்கும். விளிம்பில், உறையை வெளியே இழுக்கும் கொக்கியின் கீறல் விழும்.

அமெரிக்காவில் காலி உறைக்கு மறுபடி மருந்து நிரப்பிச் சுடுவோர் ஏராளம். உறையைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சில் அழுத்தினால் நசுங்கல் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். சுடும் ஊசி குத்திய பழைய பிரைமரும் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) கழற்றப்படும். விளிம்புக் கீறல் அப்படிப் போகாது; அடுத்த துப்பாக்கியின் கீறல் அதன் பக்கத்திலேயே வந்து சேரும். தடயவியல் ஆய்வாளருக்கு இது பெரிய தலைவலி: எது கடைசிச் சூட்டின் குறி, எது பழைய பாக்கி என்று ஒப்பீட்டு நுண்ணோக்கியில் பிரித்தாக வேண்டும். பிரைமரில் பதிந்த ஊசிக்குழி மட்டும் கடைசியாகச் சுட்ட துப்பாக்கிக்கே உரியது.