பன் ஏன் கல்லாச்சு?

போன லீவில் தங்கச்சி பிறந்தநாளுக்கு ஸ்வீட் பன் செய்து அசத்தலாம் என்று ஒரு பாக்கெட் மிக்ஸ் வாங்கினேன். ஓவனிலிருந்து வந்ததோ செங்கல்! "மெக்கானிக்கல் படிக்கிற பிள்ளை செஞ்சா இப்படித்தான்" என்று அம்மா சிரித்தார். தங்கச்சி முகம்தான் வாடிப்போச்சு.

தப்பு எங்கே? மைதா, சர்க்கரை, பால் பவுடர், உப்பு எல்லாம் மிக்ஸில் அளந்தே இருந்தன. கூடவே சின்ன உறையில் ஈஸ்ட். அது வெறும் தூள் அல்ல. தூங்கிக் கொண்டிருக்கும் உயிர். ஈரமும் இளஞ்சூடும் பட்டால் விழித்து, சர்க்கரையைத் தின்று கார்பன் டை ஆக்சைடை விடும். பிசைந்த மைதாவில் உண்டாகும் குளூட்டன் வலை அந்த வாயுவைப் பிடித்து வைப்பதால்தான் மாவு உப்புகிறது. நான் ஊற்றியதோ கொதிக்கிற தண்ணீர்! 60 டிகிரி செல்சியஸிலேயே ஈஸ்ட் செத்துவிடும்.

ஆகவே, பாக்கெட்டில் சொன்ன அளவுத் தண்ணீரிலேயே கொஞ்சம் எடுத்து, கை பொறுக்கிற சூட்டில், சிட்டிகை சர்க்கரையோடு ஈஸ்ட்டைக் கரையுங்கள். 10 நிமிஷத்தில் நுரைத்தால் சரி. நுரைக்கலையா? மாவை வீணாக்காதீங்க, வேறு ஈஸ்ட் வாங்குங்க. நன்றாகப் பிசைந்து, மூடி, இரண்டு மடங்காகும் வரை வையுங்கள். நம்ம ஊர் வெயிலில் 1 மணி நேரத்திலேயே ஆகிவிடும். கடிகாரத்தை நம்பாமல் மாவைப் பாருங்கள். பிறகு உருண்டை பிடித்து, மீண்டும் உப்பியதும் 180 டிகிரியில் 15 முதல் 20 நிமிஷம் வேகவிடுங்கள்.

அடுத்த ஞாயிறே மறுபடி செய்தேன். தங்கச்சி ஒன்றைப் பிய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அண்ணா, இது பன்தான்!"