ரப்பர் இல்லாத நோட்டு

சேத்தூர் நிறுத்தத்தில் ராஜபாளையம் பஸ்ஸுக்குக் கால்மணி நேரம் நிற்பவருக்குப் பொழுது நகராது. படம் போடுகிறவருக்கோ அந்தக் கால்மணி பத்தாது. டீ ஆற்றுபவரின் தூக்கிய கை, மூட்டைமேல் உட்கார்ந்து தூங்கும் பெரியவர், சுவரொட்டியைத் தின்னும் ஆடு. ஆடு நிற்காது. அதனால் முதலில் முதுகின் வளைவு, அடுத்து கழுத்து. நான்காவது காலுக்கு வருவதற்குள் அது போயிருக்கும். மூன்று காலோடு நிற்கும் ஆடுதான் பக்கத்துக்கு உயிர்.

இந்தப் பார்வையைத் தமிழ் வாசகர்களுக்குப் பழக்கியவர் ஓவியர் கோபுலு (1924–2015). தஞ்சாவூரில் பிறந்து, கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்தவர். கோபாலன் என்ற பெயரைக் கோபுலு ஆக்கியது ஆனந்த விகடன் ஓவியர் மாலி. ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடர்கதைக்கு வரைந்த படங்களுக்காகப் பலர் அவரை நினைப்பார்கள். எங்களுக்கு அவருடைய வசனமில்லா நகைச்சுவைப் படங்களே ஒரு படி மேல். குடுமியின் முடிச்சு, நாற்காலியில் சரிந்த தொப்பை, இவையே சிரிப்பைச் சொல்லிவிடும். பக்கவாதத்தில் வலக்கை முடங்கியபோது இடக்கையால் வரைந்தார்.

நீங்களும் வரைந்து பார்க்கக் கீழே நோட்டும் பென்சிலும் இருக்கின்றன. ரப்பர் வேண்டுமென்றே வைக்கவில்லை. உங்கள் செருப்பையோ, உடன் வந்தவரின் மூக்கையோ வரையுங்கள். தாளைக் கிழிக்காமல், அடுத்த பக்கத்தைத் திருப்பி வைத்துவிட்டுப் போங்கள்.