கம்பியில்லாச் சில்லும் அதனைத் தாங்கும் பலகையும்

விதையின் பெருமையை மட்டும் நோக்கி நிலத்தின் பண்பை நோக்காத உழவன் விளைவு காணான். வைஃபைச் சில்லுகளைக் கொண்டு பொழுதுபோக்காக மின்சுற்றுப் பலகை வரைவோர்க்கும் இவ்வுண்மை பொருந்தும். இதனை இருமுறை தோற்று அறிந்த யான், நம் கல்லூரி நேயர்களுக்கு எடுத்துரைக்கக் கருதி இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

தமிழ் பயிலும் மாணவனுக்கு ஈயம் பற்றவைக்கும் கோலோடு என்ன உறவு என்று சிலர் வினவக்கூடும். யான் தங்கும் விடுதியின் மாடியில் ஒரு நீர்த்தொட்டி உண்டு. அது நிரம்பியதா என்று அறிய, முழங்கால் நோயுடைய காவற்பெரியவர் ஒருவர் நாள்தோறும் இருளில் இரும்பேணி ஏறி வந்தார். மழை பெய்த இரவொன்றில் அவர் கால் வழுக்கியதைக் கண்டேன்; இறையருளால் கைப்பிடி நழுவவில்லை. தொட்டி நிரம்பியதும் அவருடைய கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் கருவியொன்று செய்தல் வேண்டும் என்னும் எண்ணம் அன்றே எழுந்தது.

இதற்கு உதவுவது மைக்ரோகண்ட்ரோலர் எனப்படும் நுண்கட்டுப்பாட்டுச் சில்லு. ஷாங்காய் நகரில் 2008 ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற எஸ்ப்ரெஸிஃப் நிறுவனம், 2014 இல் இஎஸ்பி 8266 என்னும் சில்லினையும், 2016 இல் இஎஸ்பி 32 என்பதனையும் வெளியிட்டது. பின்னதில் கணிப்பொறியும் வைஃபையும் புளூடூத்தும் ஒருங்கே அமைந்துள்ளன. சில்லோடு நினைவகமும் ஆன்டெனாவும் சேர்ந்து, 18 மில்லிமீட்டர் அகலமும் 25.5 மில்லிமீட்டர் நீளமும் உள்ள சிறு கட்டாகவே விற்கப்படுகின்றது. அக்கட்டினைத் தாங்கும் பலகையை வரைவதே நம் வேலை. அதற்குக் கிகாட் என்னும் இலவச மென்பொருள் உண்டு; பிரெஞ்சு நாட்டவராகிய ஷான் பியேர் ஷராஸ் என்பார் 1992 இல் அதனைத் தொடங்கினார். முதலில் உறுப்புகளின் இணைப்பை வரைந்து, பின் செம்புத் தடங்களை வரைந்து, அவ்வரைவைப் பலகை செய்வோர்க்கு அனுப்பினால், இருபுறமும் செம்பு படிந்த கண்ணாடியிழைப் பலகை வந்துசேரும்.

வரைவோன் கருதவேண்டியவை மூன்று. முதலாவது சில்லின் உணவு. இஎஸ்பி 32 விரும்புவது 3.3 வோல்ட், 3.0க்குக் குறைதலும் 3.6க்கு மிகுதலும் ஆகா. வைஃபையில் செய்தி அனுப்பும் கணத்தில் அதன் மின்னோட்டம் 240 மில்லியாம்பியர் அளவும் உயரக்கூடும். ஆகவே 500 மில்லியாம்பியராவது தரவல்ல வழங்கல் வேண்டும் என்பது நிறுவனத்தின் அறிவுரை. அடுப்பங்கரையில் குடத்து நீர் வைப்பதுபோல, திடீர்த் தேவைக்கு உதவ மின்தேக்கிகளைச் சில்லின் காலருகே வைத்தலும் வேண்டும்.

என் முதற்பலகையில் ஏஎம்எஸ் 1117 என்னும் மலிவான ரெகுலேட்டரை இட்டேன். மேசைமீது 5 வோல்ட் கொடுத்தபோது கருவி செவ்வனே இயங்கிற்று. மாடியில் லித்தியம் மின்கலத்தை இணைத்தபோதோ, பேச வாயெடுக்கும்போதெல்லாம் மயங்கி விழுந்தது. என்னை? அந்த ரெகுலேட்டருக்கு, அது தரும் அளவினும் ஏறத்தாழ 1.1 வோல்ட் மிகுதியாக உள்ளே வருதல் வேண்டும், அஃதாவது 4.4 வோல்ட். முழுதும் நிரம்பிய லித்தியம் கலமோ 4.2 வோல்ட்டே தரும். அன்றியும் அது தனக்கென்றே சுமார் 5 மில்லியாம்பியர் உண்ணும். ஆழ்ந்த உறக்கத்தில் இஎஸ்பி 32 கொள்வது 10 மைக்ரோஆம்பியர் அளவே! நாளொன்றுக்கு 120 மில்லியாம்பியர்-மணி வீணானால், 2400 கொள்ளும் கலம் இருபது நாளில் தீரும். கலம் மாற்றவே ஏணி ஏறவேண்டுமாயின் பெரியவர்க்கு யாது பயன்?

இரண்டாவது, சில்லு விழிக்கும் நேரம். மின்சாரம் வந்தவுடன் அது தன் கால்கள் சிலவற்றை நோக்கித் தன் நடையைத் தீர்மானிக்கும். 0 ஆம் கால் தாழ்ந்திருந்தால் புது நிரலை எதிர்நோக்கி நின்றுவிடும். 12 ஆம் கால் உயர்ந்திருந்தால் நினைவகத்திற்கு 1.8 வோல்ட் போதும் என்று கொண்டு, விழிக்கவியலாது கிடக்கும். இதனை அறியாது, இரண்டாம் பலகையில் மிதவை ஆளியை 12 ஆம் காலோடு பிணைத்தேன். தொட்டி வெறுமையாயிருக்கையில் கலத்தை இணைத்தால் கருவி விழித்தது. நிறைந்திருக்கையில் இணைத்தால் விழிக்கவில்லை. நீர் நிறைந்ததைச் சொல்லவேண்டிய கருவி, நீர் நிறைந்தபோதே ஊமையாயிற்று! காரணம் அறிய எனக்கு ஒரு கிழமை சென்றது.

மூன்றாவது, வெற்றிடம். கட்டின் ஓரத்தில் வளைந்து வளைந்து செல்லும் செம்புக் கோடே ஆன்டெனா. வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை 12.5 சென்டிமீட்டர் நீளமுடையது. அருகே செம்பு பரந்திருந்தால் ஆன்டெனாவின் ஒத்திசைவு பிறழும். அலையின் வலிமையும் குன்றும். ஆதலின் ஆன்டெனா பலகையின் விளிம்புக்கு வெளியே நீண்டிருத்தல் நன்று. இயலாவிடின் அதனைச் சுற்றிலும் 15 மில்லிமீட்டரேனும் வெறுமையாக விடுதல் வேண்டும். யானோ, இடம் வீணாகாதிருக்கட்டும் என்று, பலகை முழுதும் செம்பு பரப்பியிருந்தேன். செய்தி மாடிப்படியைத் தாண்டவில்லை.

மூன்றாம் பலகையில் இக்குறைகளைக் களைந்தேன். குறைந்த வேறுபாட்டில் இயங்கும் ரெகுலேட்டரை இட்டேன். மிதவை ஆளியை வேறு காலுக்கு மாற்றினேன். ஆன்டெனாவின் கீழ் இருபுறமும் செம்பை நீக்கினேன். இரும்புப் பெட்டியை விடுத்துப் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்தேன். முதல் செய்தி வந்த மாலையில் பெரியவர் கைப்பேசியைச் சற்று நேரம் நோக்கியிருந்து, "தம்பி, இது பொய் சொல்லாதே?" என்று வினவினார். அன்றும் மறுநாளும் ஏணி ஏறிச் சரிபார்த்தார். அதன்பின் ஏறவில்லை.

என் இரு தோல்விகளுக்கும் காரணம் சில்லின் குற்றமன்று. நிறுவனம் எழுதி வெளியிட்ட விளக்க ஏட்டில் இவையனைத்தும் முன்னரே உள்ளன. யான் அதனைப் படிக்கவில்லை. உரை காணாது செய்யுட்குப் பொருள் கூறப் புகுந்தவன் நிலையே என் நிலை. ஆதலின் நேயர்காள், பலகை வரையப் புகுமுன் ஏட்டினைப் படியுங்கள். எங்கே செம்பு இடுவது என்பதோடு எங்கே இடாதிருப்பது என்பதையும் கற்றுக்கொள்ளுங்கள்.