கடல் மூச்சடைக்கும் பருவம்

1932 முதல் 2011 வரை மலாயாவிலிருந்து சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் ரயில் நிலையத்துக்கு வந்த வண்டிகளெல்லாம் ஜொகூர் கடற்பாலத்தின் மேல்தான் வந்தன. 1924-இல் முறைப்படி திறக்கப்பட்ட அது, தூண்களின்மேல் நிற்பதாக இல்லாமல், கடலுக்குள் கல்லைக் கொட்டி எழுப்பிய கரையாக இருந்தமையால், தீவுக்கு வடக்கே ஓடிக்கொண்டிருந்த நீரிணையை இரண்டு முட்டுச்சந்துகளாக்கிவிட்டது என்பதைப் பிரயாணிகளில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்பார்கள்?

தஞ்சோங் பகார் துறைமுகம் நோக்கும் தெற்குக் கடலுக்கு அந்தக் கஷ்டமில்லை. வடகிழக்குப் பருவத்தில் தென்சீனக் கடலின் ஜலம் மேற்கு நோக்கியும், தென்மேற்குப் பருவத்தில் ஜாவாக் கடலின் ஜலம் கிழக்கு நோக்கியும் சிங்கப்பூர் நீரிணை வழியே பாய, அதோடு ஓதத்தின் வேகமும் சேர்ந்து, மேல்நீரைக் கீழே இறக்கிக் கலக்குகிறது. வடக்கே அப்படியன்று. கரையோரத்துச் சத்துக்கள் வந்து தேங்க, அவற்றை உண்டு நுண்பாசி கணக்கின்றிப் பெருகி, பகலில் பிராணவாயுவை வெளியிட்டாலும் இரவெல்லாம் தானே அதைச் சுவாசித்து, மடிந்தபின் அடியில் வீழ்ந்து அழுகும்போது எஞ்சியதையும் செலவழித்துவிடுகிறது. அஷ்டமி, நவமியை ஒட்டி ஓதம் தளரும் நாட்களில் விடியுமுன் அபாயம் உச்சத்தை அடையும். சுயேச்சையான மீன் விலகி ஓடும். வலைக்கூண்டு மீனுக்கு ஓட இடமேது? 2014 பிப்ரவரியில் 39 பண்ணைகளில் சுமார் 160 டன் மீன் மாண்டதற்கு, நீரில் கரைந்திருந்த பிராணவாயு குன்றியதே காரணமென்று அதிகாரிகள் அறிவித்தனர்.

முப்பது டிகிரி வெப்பமுள்ள கடல்நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 6 மில்லிகிராம் பிராணவாயுவைத்தான் தாங்கும். இரண்டுக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலான மீன்களுக்கு ஆபத்து. இதை அளக்க 1888-இல் ஹங்கேரிய ரஸாயனியான விங்க்லர் வகுத்த முறை இன்றும் வழக்கிலிருக்கிறது. குமிழியொன்றும் புகாதபடி புட்டியை வழிய நிரப்பி, மாங்கனீஸ் உப்பையும் காரம் கலந்த அயோடைடையும் விட்டால், பிராணவாயு உள்ள நீரில் பழுப்பு வண்டலும், இல்லாத நீரில் வெள்ளை வண்டலும் படியும். பிறகு அமிலம் விட்டு, விடுபட்ட அயோடினைத் தயோசல்பேட்டுக் கரைசலால் சொட்டுச்சொட்டாகத் தீர்த்து, அதில் சேர்த்த கஞ்சியின் நீலம் மறையும் கணத்தில் நிறுத்த வேண்டும். மின்கருவிகள் வந்துவிட்ட காலத்திலும், அவற்றின் கணக்கைச் சரிபார்க்க இந்தப் புட்டியைத்தான் நாடுகிறார்கள்.

ஆனால் என் அபிப்பிராயத்தில், உண்மையான வரலாறு நீரில் அல்ல, சேற்றில்தான் நிகழ்கிறது. அடிச்சேற்றைக் குழாயால் செங்குத்தாக எடுத்துப் பார்த்தால், மேலே மெல்லிய பழுப்புப் படலமும் அதன் கீழே கரிய மண்ணும் தெரியும். பிராணவாயு தீர்ந்ததும் அங்குள்ள பாக்டீரியாக்கள் முதலில் நைட்ரேட்டையும், அடுத்து மாங்கனீஸ், இரும்பு ஆக்ஸைடுகளையும், கடைசியாகச் சல்பேட்டையும் கொண்டு சுவாசிக்கின்றன. கடல்நீரில் சல்பேட் லிட்டருக்கு 2.7 கிராம் அளவுக்கு இருப்பதால் அந்தக் கடைசிக் கையிருப்பு லேசில் தீராது. விளைவோ, அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு என்னும் விஷம். அதற்கு முன்னரே இரும்பு ஆக்ஸைடு கரையும்போது அது பற்றியிருந்த பாஸ்பேட்டும் விடுபட்டு மேலேறிப் பாசிக்கு மறுபடியும் உணவாகிறது. ஆகவே, வெளியிலிருந்து வரும் கழிவை நிறுத்திவிட்டால் எல்லாம் உடனே சீராகிவிடும் என்பவர்கள் சேற்றிலுள்ள பழைய பாக்கியை மறந்துவிடுகிறார்கள்.

மனிதன் தடுக்காத கடலிலும் இது நடப்பதுண்டு. தென்மேற்குப் பருவத்தில், கேரளம் தொடங்கி வடக்கே நீளும் மேற்குக் கரைத்திட்டின் மேல், அரபிக்கடலின் பிராணவாயு குன்றிய ஆழ்நீர் ஏறி வருகிறது. மழையின் நன்னீர் அதற்கு மூடிபோல் அமைந்து காற்றைத் தடுக்க, செப்டம்பர், அக்டோபரில் சில இடங்களில் சல்பைடும் தோன்றுகிறது. இப்பரப்பை ஏறத்தாழ 1,80,000 சதுர கிலோமீட்டர் என்று கணித்த கோவா தேசியக் கடலியல் நிறுவனத்தார், அங்கிருந்து நைட்ரஸ் ஆக்ஸைடு ஏராளமாக வெளிப்படுவதை 2000-இல் வெளியிட்டனர். வயல்களிலிருந்து கடலுக்கு ஓடும் நைட்ரஜன் உரத்துக்கும் அதில் பங்குண்டு என்பது அவர்கள் கருத்து. நீரோட்டம் திரும்பும் வடகிழக்குப் பருவத்தில் அந்நீர் விலகிவிடுகிறது. நைட்ரஸ் ஆக்ஸைடோ நூறாண்டுக்கு மேல் வாயுமண்டலத்தில் நிலைக்கும்.