இரட்டைப் பின்னல் வண்டு

பரணில் இருக்கும் பழைய டிரங்குப் பெட்டியை நீங்கள் கடைசியாக எப்போது கீழே இறக்கினீர்கள்? பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது இறக்கியிருப்பீர்கள். அடியில், பழந்துணியில் சுற்றியபடி மாமியார் காலத்துக் குங்குமச் சிமிழ் ஒன்று கிடந்திருக்கும். "அடடா! இத்தனை நாளும் இது இங்கேயா இருந்தது?" என்று வீடே கூடி வியந்திருக்கும். சிமிழ் என்னவோ வீட்டோடுதான் இருந்தது. ஆனால் ஒருவர் பிரித்துப் பார்க்கிற வரையில் அது இருந்தும் இல்லாத பொருள்தான், இல்லையா?

லண்டனில் இதே மாதிரி ஒரு விஷயம் நடந்தது. அங்கே வீடு கொஞ்சம் பெரிய வீடு. இயற்கை வரலாற்று மியூஸியம் என்று பெயர். சுமார் 8 கோடிப் பொருள்களைப் பாதுகாத்து வைத்திருக்கும் இடம். அங்கே அகப்பட்டது சிமிழ் அல்ல, ஒரு வண்டு!

பில்டரில் இறங்கிய பூச்சி

1964, 1965-ம் ஆண்டுகளில் வில்லியம் பிளாக் என்ற விஞ்ஞானி கிழக்கு ஆப்பிரிக்காவில் மண்ணையும் இலைச் சருகையும் சேகரித்து வந்தார். சிங்கமும் யானையும் உலவுகிற தேசத்துக்குப் போய்ச் சருகை அள்ளுவானேன் என்று கேட்காதீர்கள். ஒரு கூடைச் சருகுக்குள் ஊரே குடியிருக்கிறது. அந்தக் குடிகளைப் பார்ப்பதுதான் அவர் நோக்கம்.

சருகிலிருந்து சிற்றுயிர்களைப் பிரிக்க ஆராய்ச்சியாளர்கள் வழக்கமாகக் கையாளும் முறை ஒன்று உண்டு. பெரிய புனலில் ஒரு கம்பி வலை, வலைமேல் சருகு, அதற்கு மேலே எரியும் மின்சார பல்பு. புனலின் அடியில் ஆல்கஹால் ஊற்றிய சீசா. பல்பின் சூட்டில் சருகு மேலிருந்து காய்ந்துகொண்டே வரும். பூச்சிகள் ஈரத்தையும் இருட்டையும் தேடிக் கீழே கீழே இறங்கி, கடைசியில் சீசாவில் விழும். நம் வீட்டு பில்டரில் டிகாக்ஷன் இறங்குகிற கதைதான்!

பிளாக் கென்யா நாட்டில், நைரோபிப் பகுதியில் சேகரித்த சிற்றுயிர்கள் 1978-ல் லண்டன் மியூஸியத்துக்கு நன்கொடையாக வந்தன. சீசாக்கள் அலமாரி ஏறின. பிறகு வருஷங்கள் உருண்டோடின.

மைக்கேல் டார்பி என்ற நிபுணர் அந்தச் சீசாக்களை ஒவ்வொன்றாக எடுத்து, பூதக்கண்ணாடியின் கீழ் பரிசோதித்தார். அவற்றில் ஒன்றிலே, எந்தப் புத்தகத்திலும் இல்லாத வண்டு ஒன்று இருந்தது. 1864-ல் தொடங்கிய ஓர் ஆங்கிலப் பூச்சியியல் மாதப் பத்திரிகையில், 2019 அக்டோபரில் அதைப் பற்றி எழுதி உலகத்துக்கு அறிமுகப்படுத்தினார். சீசாவில் விழுந்து 54 வருஷத்துக்குப் பிறகு அந்த வண்டு 'புதிதாக' வந்து சேர்ந்தது!

கண்ணும் இல்லை, சிறகும் இல்லை

அது எத்தனை பெரிசு என்று தெரியவேண்டுமானால் அஞ்சறைப் பெட்டியைத் திறவுங்கள். ஒரு கடுகை எடுங்கள். அது வேண்டாம், பிரம்மாண்டம்! ஒரே ஒரு கசகசாவை விரல்நுனியில் ஒட்டிக்கொள்ளுங்கள். நம் வண்டு அதையும்விடச் சற்றுச் சிறியது. நீளம் 0.79 மில்லிமீட்டர். நிறம் வெளிர் மஞ்சள்.

இதன் குலத்துக்கு இறகுச் சிறகு வண்டுகள் என்று பெயர் சொல்லலாம். இக்குலத்துப் பூச்சிகளின் சிறகு, ஓரமெல்லாம் மயிரடர்ந்து பறவையின் இறகைப் போலவே இருக்கும். அவ்வளவு சின்ன உடம்புக்குக் காற்றே பாகு மாதிரி கனக்கும். அதிலே துடுப்புப் போட்டு நீந்துவதற்கு இப்படிப்பட்ட சிறகுதான் வசதி. உலகத்திலேயே மிகச் சிறிய வண்டுகள் இக்குலத்தைச் சேர்ந்தவை. ஒன்றின் நீளம் 0.325 மில்லிமீட்டர் என்று அளந்திருக்கிறார்கள்.

ஆனால் நம் கதாநாயகிக்கு அந்தச் சிறகும் கிடையாது, கண்ணும் கிடையாது. கண்கள் இருக்கவேண்டிய இடத்துக்கு நடுவே சிறு குழி ஒன்றுதான் தெரிகிறது. சருகுக்கும் மண்ணுக்கும் நடுவே, பகலும் இரவும் ஒரே இருட்டு. அங்கே கண் எதற்கு? சிறகு விரிக்கத்தான் இடமேது?

இந்தக் குலத்துப் பூச்சிகளின் ஆகாரம், மக்கிய இலையில் படரும் பூஞ்சையும் அதன் நுண்ணிய விதைத்தூளும். குப்பை மண்ணாக மாறுகிற பெரிய வேலையில் இவற்றுக்கும் ஓர் எள்ளளவு பங்கு உண்டு. பிள்ளைப்பேற்றில்தான் இவை நம்மை வியக்க வைக்கின்றன. மற்றப் பூச்சிகள் நூற்றுக்கணக்கில் முட்டையிடும்போது, இந்தத் தாய் ஒரு சமயத்தில் ஒரே ஒரு முட்டைதான் வளர்க்கிறாள். அதுவும் சில இனங்களில் அவள் நீளத்தில் பாதி! அத்தனை சின்ன வயிற்றில் அத்தனை பெரிய பாரம்.

பெயர் சூட்டு விழா

குழந்தைக்குப் பெயர் வைக்கிற சிரமம் உங்களுக்குத் தெரியாததல்ல. இந்தக் குழந்தைக்கு மட்டும் பெயர் முகத்திலேயே எழுதியிருந்தது. தலையிலிருந்து நீளமாக இரண்டு உணர்கொம்புகள், இரட்டைப் பின்னல் போட்டாற்போல!

இரட்டைப் பின்னலுக்குப் பேர்போன பெண் ஒருத்தி அப்போது உலகப் பத்திரிகைகளில் எல்லாம் அடிபட்டுக் கொண்டிருந்தாள். ஸ்வீடன் தேசத்துக் கிரேட்டா துன்பர்க். 2018 ஆகஸ்டில், 15 வயதில், பள்ளிக்கூடம் போகாமல் பார்லிமெண்டின் எதிரே அட்டையும் கையுமாகத் தனியாக உட்கார்ந்தவள். பூமி சூடேறுவதைப் பெரியவர்கள் ஏன் தடுக்கவில்லை என்பது அவள் கேள்வி. அந்தப் பெண்ணின் உழைப்பை மெச்சி, டார்பி வண்டுக்கு 'நெல்லோப்டோடெஸ் கிரேட்டே' என்று பெயரிட்டார். 'கிரேட்டா'வின் ஈறு திரிந்திருக்கிறதே என்கிறீர்களா? பெண்ணின் பெயரை வைக்கும்போது லத்தீன் முறைப்படி சேர்க்கும் விகுதி அது. இன்னொரு வேடிக்கை: கிரேட்டா 2003-ல் பிறந்தவள். அவள் பிறப்பதற்கு 38 வருஷம் முன்பே அவள் பெயருக்குரிய வண்டு சீசாவில் காத்திருந்தது!

"பாராட்ட ஒரு வண்டுதானா கிடைத்தது?" என்று சிரிப்பவர்களும் இருக்கலாம். பட்டமும் பதக்கமும் காலத்தில் மங்கிவிடும். சாஸ்திரத்தில் ஏறிய பெயர் அப்படி எளிதில் போகாது.

பெயர் இல்லாதவர்கள்

இதுவரை பெயர் பெற்ற வண்டினங்கள் சுமார் 4 லட்சம். பெயர் பெறாதவை எத்தனையோ. 2012-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியின்படி, ஒரு புதிய உயிரினம் சேகரிக்கப்பட்ட நாளிலிருந்து அதற்குப் பெயர் கிடைப்பதற்குச் சராசரி 21 வருஷம் ஆகிறது. பிடித்து வந்தவர்கள் உண்டு. உட்கார்ந்து பார்ப்பவர்கள்தான் குறைவு.

அதற்குள் வெளியே என்ன நடக்கிறது? 1969-ல் நைரோபியின் ஜனத்தொகை சுமார் 5 லட்சம். வண்டுக்குப் பெயர் வைத்த 2019-ல் சுமார் 44 லட்சம். மனிதர்களுக்கு வீடும் வீதியும் வேண்டியதுதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் மரம் போனால் சருகு போகும். சருகு போனால் ஈரம் போகும். சிறகுள்ள பூச்சி வேறு மரத்தடி தேடிப் பறந்துவிடும். கண்ணும் சிறகும் இல்லாதது எங்கே போகும்? அதுவும் பெயரே இல்லாததாக இருந்தால், அது போய்விட்டது என்று சொல்லக்கூட ஆள் கிடையாது. ஊர்க் கணக்கில் பெயர் இருந்தால்தானே காணவில்லை என்று தேடுவார்கள்?

கிரேட்டா வண்டு இப்போது கணக்கில் ஏறிவிட்டது. ஒருவர் பொறுமையாகச் சீசாவைத் திறந்து பார்த்ததால் வந்த பாக்கியம் அது.

ஆகையால், அடுத்த முறை பரணிலிருந்து பழைய பெட்டியை இறக்கும்போது, "இதிலே என்ன இருக்கப்போகிறது?" என்று அப்படியே மேலே ஏற்றிவிடாதீர்கள். ஒரு நிமிஷம் திறந்துதான் பாருங்களேன்!